பழியும் காத்திருப்பும்: கிறித்தவத் தமிழ்க் கதைமரபில் காதலும் திகிலும்

ஆய்வுச் சுருக்கம்

காதல், உயிராபத்து, இறைப்பற்று ஆகிய மூன்று இழைகளை ஒன்றாக முறுக்கிய கதைகள் மேலைநாட்டுப் பதிப்புலகில் 'கிறித்தவத் திகில் காதல் புதினம்' என்னும் தனி வகையாக இன்று விற்பனையாகின்றன. தமிழில் இப்பெயரில் ஒரு வகை உருவாகவில்லை. எனினும் அவ்வகை வாசகரை ஈர்க்கும் முறைமை தமிழ்க் கத்தோலிக்க அம்மானை, நாடகம், உரைநடைக் கதை ஆகியவற்றில் நெடுங்காலமாகச் செயற்பட்டு வந்துள்ளது. ஞானசௌந்தரி, ஜெனோவா, ஊசோன் பாலந்தை ஆகிய கதைகளை முதன்மையாகக் கொண்டு, அவ்வீர்ப்பின் தன்மையைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டு நோக்கில் இக்கட்டுரை ஆராய்கிறது. இக்கதைகள் அச்சுப் புதினமாக மாறிய காலத்தில் ஏற்பட்ட திசைமாற்றமும் இதில் கருதப்படுகிறது.

திறவுச்சொற்கள்: ஞானசௌந்தரி, ஜெனோவா, அம்மானை, மெய்ப்பாடு, அச்சம், பொய்யோலை, வேதநாயகம் பிள்ளை, புத்தம் வீடு.

முன்னுரை

கிறித்தவத் தமிழிலக்கியம் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் போன்ற பெருநூல்களையும், மதுரையிலும் தரங்கம்பாடியிலும் பணியாற்றிய குருமாரின் அகராதி, இலக்கண முயற்சிகளையும் சுற்றியே நடந்துள்ளன. மக்கள் விரும்பிக் கேட்ட, விரும்பிப் பார்த்த கதைகள் 'பக்திக் கதைகள்' என்னும் ஒற்றைத் தலைப்பின்கீழ் ஒதுக்கப்பட்டுவிட்டன. பக்தி மட்டுமே காரணமாயின், கிறித்தவரல்லாதார் இவற்றை ஏன் விரும்பினர் என்னும் வினாவுக்கு விடை கிடையாது. 1948இல் சிட்டாடல் நிறுவனம் எஃப். நாகூர் இயக்கத்தில் எடுத்த 'ஞானசௌந்தரி' திரைப்படம் சமய வேறுபாடின்றி மக்கள் திரளை ஈர்த்தது. அதே ஆண்டில் எஸ்.எஸ். வாசனின் ஜெமினி நிறுவனமும் இதே கதையைப் படமாக்கி வெளியிட்டுப் பின்னர் அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஒரே ஆண்டில் இரு நிறுவனங்கள் போட்டியிட்டு முதலீடு செய்யத்தக்க கதையை வெறும் மறைக்கல்விப் பாடமாகக் கருத இயலாது.

மேலை நாட்டில், குறிப்பாக அமெரிக்காவில், ஜேனட் ஓக் 1979இல் வெளியிட்ட புதினம் கிறித்தவக் காதல் புதினச் சந்தைக்கு வழி திறந்தது. பின்னர், 2000ஆம் ஆண்டையொட்டி, டீ ஹெண்டர்சன் முதலானோர் கொலை, கடத்தல், துப்பறிதல் ஆகியவற்றை அதனோடு இணைத்தனர். இப்புதினங்களின் அமைப்பு எளியது. தலைவிக்கு உயிராபத்து நேர்கிறது. அவளைக் காப்பவனே அவள் நேசத்துக்கு உரியவன் ஆகிறான். இருவருள் ஒருவரேனும் இழந்த நம்பிக்கையை மீளப் பெறுகிறார். உடற்காதல் வருணனைக்கு இடமில்லை. முடிவு நன்மையாகவே அமையும் என்பது முதற்பக்கத்திலேயே வாசகர்க்குத் தெரியும். தெரிந்தும் ஏன் அஞ்சிப் படிக்கிறார் என்பதே இவ்வகையின் மையப் புதிர். தமிழ்க் கதைகள் இப்புதிரை இன்னும் கூர்மையாக முன்வைக்கின்றன. ஏனெனில் அவற்றைக் கேட்டவர்கள் முடிவை மட்டுமன்றி முழுக் கதையையும் முன்னரே அறிந்திருந்தனர்.

புதுச்சேரியும் கத்தோலிக்கக் கதைகளின் வருகையும்

பாரிசு வெளிநாட்டு மறைப்பணிச் சபையாரின் புதுச்சேரி அச்சகம் 19ஆம் நூற்றாண்டில் தமிழ்க் கத்தோலிக்க நூல்களின் முதன்மை வெளியீட்டிடங்களுள் ஒன்றாக இருந்தது. வீரமாமுனிவரின் தேம்பாவணி 1851 முதல் 1853 வரை மூன்று பகுதிகளாக இங்கே அச்சேறியது. மூசே, துப்புயி ஆகியோரின் தமிழ்–பிரெஞ்சு அகராதியும் 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இந்நகரிலிருந்தே வெளிவந்தது. பிரெஞ்சுக் குருமார் வழியாகப் பிரெஞ்சுப் புனிதர் கதைகளும் வீரக்காதல் கதைகளும் இப்பகுதித் தமிழரை எட்டுவதற்கான வாயில் இங்கே திறந்திருந்தது. இவற்றுள் சில கதைகள் போர்த்துக்கீசியர் வழியாகவும் வந்தன. ஆதலால் அனைத்துக்கும் புதுச்சேரியையே ஊற்றாகக் காட்டுவது மிகைப்படுத்துதலாகும்.

இந்நகரின் நாடக வரலாற்றில் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1701ஆம் ஆண்டளவில் தஞ்சை மன்னர் சகஜியின் நாட்டில் கிறித்தவர்மீது எழுந்த ஒடுக்குமுறைக்கு, புதுச்சேரியில் இயேசு சபையார் சார்பில் நிகழ்ந்த நாடகமொன்றில் இந்துத் தெய்வ உருவங்கள் இழிவாகக் காட்டப்பட்டமை காரணமாகச் சொல்லப்படுகிறது. பிற சமயத்தைத் தாக்கும் அத்தகைய நாடகத்தோடு ஞானசௌந்தரியை ஒப்பிட்டால் வேறுபாடு புலப்படும். இதில் சமயப் பகைவர் எவருமில்லை. தீமை வீட்டினுள் இருக்கிறது: சிற்றன்னையாக, ஊழியனாக, பொய்யெழுதிய ஓலையாக. கேட்போர் எச்சமயத்தவராயினும் இத்தீமையை அறிவர்.

வீரமாமுனிவரின் கித்தேரியம்மாள் அம்மானை இம்மரபின் தொடக்கநிலைச் சான்றாகக் கொள்ளத்தக்கது. ஒரே பேற்றில் பிறந்த ஒன்பது பெண்மக்களை அன்னையே நீரில் எறிந்து கொல்லப் பணிப்பதும், அவர்கள் காப்பாற்றப்படுவதும், கித்தேரி மணவினையை மறுத்து ஓடி இறுதியில் கொல்லப்படுவதும் ஐரோப்பியப் புனிதர் வரலாற்றில் உள்ளவை. தேம்பாவணியில் பெருங்காப்பிய நடையைக் கையாண்ட புலவர், பெண்கள் பாடும் அம்மானை வடிவத்தை இதற்குத் தேர்ந்தமை தற்செயலன்று. யார் கேட்பர் என்பதை அவர் அறிந்திருந்தார். எனினும் கித்தேரியின் கதை திகிலுடையதேயன்றிக் காதலுடையதன்று. மணத்தை மறுப்பதே அதன் மையம். காதலும் இணைந்த வடிவத்தை ஞானசௌந்தரியிலேயே காண்கிறோம்.

ஞானசௌந்தரி: கதையும் அதன் உறவினமும்

அரசன் மகள் ஞானசௌந்தரியைச் சிற்றன்னை லேனாள் காட்டில் கொல்ல ஆளனுப்புகிறாள். கொல்ல மனமில்லாதோர் அவள் கைகளை வெட்டி விட்டுச் செல்கின்றனர். வேட்டைக்கு வந்த இளவரசன் பிலேந்திரன் அவளைக் கண்டு, பரிவு காதலாகக் கனிய மணக்கிறான். அவன் போர்மேற் சென்றிருக்கையில் அவள் இரட்டைக் குழந்தைகளைப் பெறுகிறாள். அச்செய்தியைச் சுமந்து செல்லும் ஓலை இடைவழியில் லேனாள் கையில் சிக்குகிறது. அவள் அதனை மாற்றி எழுதுகிறாள், மறுமொழியும் மாற்றப்படுகிறது. விளைவாகத் தாயும் மக்களும் காட்டுக்கு அனுப்பப்படுகின்றனர். தேவமாதாவின் அருளால் கைகள் மீள்கின்றன. பின்னர்க் கணவனும் மனைவியும் கூடுகின்றனர்.

இது நாட்டார் கதை வகைப்பாட்டில் ஆர்னே–தாம்சன்–உதர் பட்டியலின் 706ஆம் எண்ணுக்கு உரியது. கையிழந்த கன்னி என அழைக்கப்படுவது. 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் செய்யுட்கதையான 'லா மனெக்கீன்' முதல் கிரிம் உடன்பிறந்தார் தொகுப்பின் 31ஆம் கதை வரை இதற்கு நெடிய உறவினம் உண்டு. மாற்றி எழுதப்பட்ட ஓலை என்னும் கூறு சாசரின் கன்டர்பரிக் கதைகளிலும் உள்ளது. ஈழத்தில் மன்னார்ப் பகுதியின் கத்தோலிக்க நாடகப் பிரதிகளைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பதிப்பித்தபோது ஞானசவுந்தரி நாடகமும் அவற்றுள் இடம்பெற்றது.

ஜெனோவா கதை இதன் உடன்பிறப்பு. பிரபாந்து நாட்டு ஜெனோவா என்னும் பெருமகளின் கணவன் போருக்குச் செல்ல, பொறுப்பேற்ற ஊழியன் கோலோ அவளை விழைந்து, மறுக்கப்பட்டு, கற்பிழந்தாள் எனப் பழி சுமத்துகிறான். கணவன் அதனை நம்பிக் கொலை ஆணை இடுகிறான். காட்டுக் குகையில் மான் பால் தந்து குழந்தையைக் காக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி ரெனே தெ செரிசியே எழுதிய நூலால் இக்கதை ஐரோப்பா எங்கும் பரவியது. கேரளத்தில் அர்ணோசு பாதிரியார் பெயரால் ஜெனோவா பர்வம் வழங்குகிறது. தமிழ் கலந்த மொழியில் ஆடப்பெறும் சவிட்டு நாடகத்திலும் இக்கதை உண்டு. ஞானசௌந்தரியின் வெற்றிக்குப் பின் எஃப். நாகூர் 1953இல் எம்.ஜி.ஆர்., பி.எஸ். சரோஜா நடிப்பில் தமிழிலும் மலையாளத்திலும் படமாக்கியதும் இதுவே.

மூன்றாவது, திருகோணமலை எஸ். இன்னாசித்தம்பி 1891இல் வெளியிட்ட 'ஊசோன் பாலந்தை கதை'. ஓர்சன், வாலன்டைன் என்னும் இரட்டையர் பற்றிய ஐரோப்பிய வீரக்கதையின் தமிழாக்கமான இது, ஈழத்துத் தொடக்காலப் புதினங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. இதிலும் பொய்ப்பழிக்கு ஆளான அரசி கருவுற்ற நிலையில் துரத்தப்பட்டுக் காட்டில் இரட்டையரை ஈனுகிறாள். நாட்டார் அரங்கிலிருந்து அச்சுக்கு வந்தபோதும் கதையின் முதுகெலும்பு மாறவில்லை என்பதற்கு இந்நூல் சான்று.

இக்கதைகள் வந்த நிலம் ஏற்கெனவே உழுத நிலம். துறக்கப்பட்ட சீதை காட்டில் இரட்டையரைப் பெறும் உத்தரகாண்டக் கதையும், காட்டில் தனித்து விடப்பட்ட தமயந்தியும், மக்களோடு துயருற்ற நல்லதங்காளும் தமிழ்ச் செவிக்குப் பழக்கமானோர். ஆனால் 'பழையதோடு ஒத்தது, ஆகவே ஏற்கப்பட்டது' என்று நிறுத்திவிடுவது ஆய்வின் சோம்பலாகும். ஒத்ததில் எது வேறுபட்டது என்பதிலேயே ஈர்ப்பின் காரணம் உள்ளது.

அச்சத்தின் நான்கு களங்கள்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. திகில் கதையை ஆராய இதனினும் சுருக்கமான கருவி வேறொன்று கிடைப்பது அரிது. ஞானசௌந்தரியில் கொலைக்கு அனுப்பப்பட்டோர் கள்வர் நிலையில் நிற்கின்றனர். காடு விலங்கின் அச்சத்தைத் தருகிறது. இவ்விரண்டும் எளியவை, விரைவில் கடப்பவை. உண்மையான திகில் நான்காவதான 'இறை'யிலிருந்து பிறக்கிறது. தன்னை ஆள்பவன், தன்னைக் காக்கக் கடமைப்பட்டவன், அவன் பெயராலேயே தண்டனை வருகிறது. ஞானசௌந்தரிக்கு முதலில் தந்தையின் வீட்டிலிருந்தும், பின்னர்க் கணவனின் வீட்டிலிருந்தும் அது வருகிறது. வெட்டுண்ட கைகளைவிட அந்த ஓலையே கேட்போரை நடுங்கச் செய்கிறது.

முதலாவதான அணங்கில் நிகழும் மாற்றம் இன்னும் நுட்பமானது. தமிழ் மரபில் அணங்கு அஞ்சத்தக்க தெய்வத்தன்மை. காட்டில் தனித்திருக்கும் பெண்முன் தோன்றும் தெய்வப்பெண் என்னும் காட்சி அச்சத்துக்கே உரியது. இக்கதையில் அவ்விடத்தில் தேவமாதா தோன்றுகிறார். அச்சத்தின் இடம் அருளின் இடமாகிறது. காட்சியமைப்பு பழையது, பயன் புதியது. கேட்போர் ஒருகணம் அஞ்சிப் பின் தேறுவதற்கு இவ்விரண்டும் ஒருங்கே வேண்டும்.

அழுகைக்குச் சொல்லப்படும் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் இக்கதையில் வரிசையாக நிறைவேறுவது காணத்தக்கது. பழியால் இளிவு, கைகளும் கணவனும் நீங்கியதால் இழவு, அரச நிலையிலிருந்து தாழ்ந்ததால் அசைவு, காட்டில் மக்களோடு வறுமை. இந்நான்கும் ஒருத்தியின்மீதே ஏறுவதால், கதை எந்த நிலையிலுள்ள பெண்ணையும் எங்காவது தொட்டுவிடுகிறது. சிற்றன்னையால் துயருற்றவளுக்கு ஒன்று, புகுந்த வீட்டில் சொல்லிழந்தவளுக்கு மற்றொன்று.

பொய்யோலையும் முல்லையின் முறிவும்

வேந்துவினை கருதித் தலைவன் பிரிய, தலைவி ஆற்றியிருப்பது முல்லைத்திணையின் அமைப்பு. கார்ப்பருவம் வரும், சொன்ன சொல் தவறாது அவனும் வருவான் என்னும் உறுதியே அவ்விருத்தலின் அடித்தளம். பிலேந்திரன் போர்மேற் செல்லும் பகுதி வரை ஞானசௌந்தரியும் முல்லைத் தலைவியே. ஆனால் இங்கே தலைவனின் சொல்லே பொய்யாக வந்து சேர்கிறது. தூது என்னும் நம்பகமான நிறுவனம் முறிகிறது. முல்லைத் தலைவி காலத்தை எதிர்த்துக் காத்திருந்தாள். இவள் எதனை எதிர்ப்பது என்றே அறியாமல் காத்திருக்கிறாள்.

கேட்போர் நிலை இதற்கு நேர்மாறானது. அவர்களுக்கு எல்லாம் தெரியும். ஓலையை மாற்றியவள் யார் என்பதும், கணவன் எழுதிய உண்மைச் சொல் எது என்பதும் தெரியும். தெரியாதவர்கள் மேடையில் இருக்கும் இருவர் மட்டுமே. துப்பறியும் கதையில் வாசகர் அறியாமையால் முன்னோக்கி இழுக்கப்படுகிறார். இக்கதையிலோ அறிவால் வதைக்கப்படுகிறார். முடிவு தெரிந்திருந்தும் அச்சம் குறையாததற்குக் காரணம் இதுவே. 'என்ன நடக்கும்' என்று அவர் அஞ்சவில்லை. 'இது இவளுக்கு எப்போது தெரியவரும்' என்று தவிக்கிறார். அத்தவிப்பை எத்தனை முறை கேட்டாலும் தீர்த்துவிட முடியாது.

சிலப்பதிகாரத்திலும் கேட்போர் சிலம்பின் உண்மையை அறிவர், மன்னன் அறியான். உண்மை வெளிப்படுகிறது, ஆனால் காலங்கடந்து. கிறித்தவக் கதைகள் இக்காலக்கணக்கை மாற்றுகின்றன. உண்மை உயிர் போகுமுன் வந்து சேரும் என்னும் வாக்குறுதியே அவற்றின் சமயப் பொருள். அவ்வாக்குறுதி இருப்பதாலேயே கைவெட்டு போன்ற கொடுங்காட்சியைப் பெண்களும் சிறாரும் நிறைந்த அவையில் காட்ட முடிந்தது. நல்முடிவின் உறுதி அச்சத்தைத் தளர்த்துவதன்று. அச்சத்தின் அளவை உயர்த்திக்கொள்ள இசைவு தருவது.

காதலும் கணவனின் குற்றமும்

ஞானசௌந்தரியையும் ஜெனோவாவையும் ஒன்றாகவே பேசுவது வழக்கம். ஆயினும் காதல் கதை என்னும் அளவில் இரண்டும் ஒன்றல்ல. ஜெனோவாவின் கணவன் ஊழியன் சொல்லைக் கேட்டுத் தானே கொலை ஆணை பிறப்பித்தவன். பிலேந்திரனோ தானும் ஏமாற்றப்பட்டவன்; அவன் எழுதிய சொல்லில் குற்றமில்லை. முதற்கதையில் கூடல் நிகழ்ந்தாலும் ஒரு கறை நீங்காது எஞ்சுகிறது. ஐரோப்பியக் கதைவடிவில் ஜெனோவா மீட்கப்பட்ட சிறிது காலத்திலேயே இறந்துவிடுவது இக்கறையைக் கதையே உணர்ந்ததன் அடையாளம் எனலாம். மன்னிப்பு அங்கே சமய வெற்றி, காதல் வெற்றியன்று. ஞானசௌந்தரியிலோ பழி முழுவதும் லேனாள்மீது இறக்கப்பட்டு, கணவன் காதலனாகவே எஞ்சுகிறான். தமிழ் மக்களிடம் இரண்டனுள் ஞானசௌந்தரியே ஆழ வேரூன்றியதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகலாம்.

இத்தீர்வுக்கு ஒரு விலையும் உண்டு. ஆணின் குற்றத்தை நீக்குவதற்காகக் கொடுமை முழுவதும் மற்றொரு பெண்மேல் ஏற்றப்படுகிறது. சிற்றன்னை தீயவள் என்பது கதைக்கு முன்பே தீர்மானிக்கப்பட்ட ஒன்று; அவள் ஏன் அவ்வாறானாள் என்று எவரும் கேட்பதில்லை. கையிழந்த பெண்ணால் ஓலையெழுதவும் இயலாது என்பதைப் பெண்ணிய நோக்கில் படிப்போர் கட்டாயம் கவனிப்பர். எழுதுவோரெல்லாம் பிறர், எழுதப்படுவது அவள் வாழ்வு. கை மீளும் காட்சிக்கு அவையில் எழும் பேரார்வத்தில் சமய வியப்போடு இதுவும் கலந்திருக்க வேண்டும்.

அச்சுப் புதினத்தில் ஏற்பட்ட திசைமாற்றம்

தமிழின் முதற்புதினத்தை எழுதியவர் ஒரு கத்தோலிக்கர். மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826–1889) திருவருள் அந்தாதி, தேவமாதா அந்தாதி முதலியவற்றைப் பாடியவர். எனினும் பிரதாப முதலியார் சரித்திரத்தையும் (1879), சுகுணசுந்தரியையும் (1887) அவர் கிறித்தவக் கதைகளாக அமைக்கவில்லை. பிரிவு, கடத்தல், காடு, பொய்க்குற்றம், மீளக்கூடல் என்னும் பழைய உறுப்புகள் அவற்றில் உள்ளன, இறைவணக்கமும் உண்டு. ஆனால் தலைவியை மீட்பது அற்புதமன்று, அறிவு. காட்டில் பிரிந்த கணவனுக்காக ஞானாம்பாள் அழுது காத்திருக்கவில்லை. ஆணுடை அணிந்து புறப்படுகிறாள், அரசாளுகிறாள், கணவன்மேல் விழுந்த வழக்கைத் தீர்க்கிறாள். ஞானசௌந்தரிக்கு மறுக்கப்பட்ட கைகள் ஞானாம்பாளுக்குத் தொடக்கத்திலிருந்தே உள்ளன.

மாவட்ட முன்சீப்பாகப் பணியாற்றியவர் பொய்ச்சாட்சியையும் போலி ஆவணத்தையும் நாள்தோறும் கண்டவர். பொய்யோலையை வெல்ல விசாரணை போதும் என்னும் துணிவு அப்பணியிலிருந்து வந்திருக்கலாம். சர்வசமய சமரசக் கீர்த்தனை (1878) பாடியவர் தம் வாசகரை ஒரு சமயத்துக்குள் அடக்க விரும்பாமையும் இயல்பே. இதன் விளைவு நெடியது. தமிழ்ப் புதினம் தொடக்கத்திலேயே சமய அடையாளமற்ற பொதுவெளியை எடுத்துக்கொள்ள, கிறித்தவக் காதல்–திகில் கதை அரங்கிலும் பின்னர்த் திரையிலும் தங்கிவிட்டது. அமெரிக்காவைப் போல் இங்கே அது புதினத்தின் ஒரு விற்பனைப் பிரிவாகப் பிரியவில்லை. இதனைத் தமிழின் குறையாகக் கருத வேண்டியதில்லை; தனிச்சந்தை உருவானால் பிற சமய வாசகர் அதனுள் நுழையமாட்டார். 1948இன் திரையரங்கில் அனைவரும் இருந்தனர்.

புத்தம் வீடு: பழி இடம்மாறுதல்

அச்சில் இவ்விழைகள் மீண்டும் கூடியது ஹெப்சிபா ஜேசுதாசனின் புத்தம் வீடு (1964) என்னும் புதினத்தில். குமரி மாவட்டப் பின்புலத்தில் சீர்திருத்தக் கிறித்தவக் குடும்பம் ஒன்றன் வாழ்வைச் சொல்லும் இந்நூலைத் திகில் புதினம் என எவரும் அழைப்பதில்லை. அதன் நடை அவ்வளவு அடக்கமானது. ஆயினும் லிசி பனையேறும் தொழிலுடைய தங்கராஜை விரும்புவதும், குடும்பத் தகுதி அதற்குத் தடையாவதும், கொலை ஒன்று நிகழப் பழி தங்கராஜ்மீது விழுந்து பின்னர் நீங்குவதும் மேலே கண்ட பின்னலையே நினைவூட்டுகின்றன.

மாற்றம் ஓரிடத்தில்தான். பொய்ப்பழி பெண்ணின் கற்பின்மீது விழாமல் காதலனின் தலையில் விழுகிறது. அவள் சிறைப்பட்டிருப்பது காட்டிலன்று, பருவமெய்தியபின் படிப்பு நிறுத்தப்பட்டு அடைக்கப்பட்ட வீட்டில். சிற்றன்னை இல்லை, கோலோ இல்லை. குடும்ப மதிப்பும் தொழில்வழித் தாழ்வுணர்வும் அவர்கள் செய்த வேலையைச் செய்கின்றன. தெய்வக் காட்சி எதுவும் நிகழ்வதில்லை. செபமும் வேதவாசிப்பும் கோயிலும் வீட்டு வாழ்வின் அன்றாடமாக வந்துபோகின்றன. லிசியின் காத்திருப்பில் உள்ள அமைதி முல்லைத் தலைவியின் அமைதிக்கு மிக அருகில் வருகிறது. ஆனால் அவள் ஆற்றியிருக்கும்போது எவர் பெயராலும் பொய்யோலை வருவதில்லை. தங்கராஜ் குற்றமற்றவன் என்பதை அவள் யாரும் சொல்லாமலே அறிந்திருக்கிறாள். முன்னைய கதைகளில் அவையோருக்கு மட்டும் உரியதாயிருந்த அறிவு இங்கே தலைவியின் நெஞ்சுக்கே வந்துவிட்டது.